சாக்பீஸ் அலமாரி

லாரி வர இன்னும் ஐம்பத்தோரு மணி நேரம் இருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வரும். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே அப்பா ஹால் தரையில் சாக்பீஸும் இன்ச் டேப்புமாக உட்கார்ந்துவிட்டார்.

அப்பா பரமசிவம் வங்காளத்துக் கிடர்பூர் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஜூலையில் ஓய்வு பெற்றவர். கப்பலில் ஏறும் மூட்டையையும் இறங்கும் பெட்டியையும் எண்ணிக் குறிப்பதுதான் வேலை. நான்கு கோடு, குறுக்கே ஒன்று, பிறகு அடுத்த ஐந்து. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நியூ டவுனில் பதினோராவது மாடிக்குக் குடிபோக ஏற்பாடு. அங்கே இருப்பது ஒரே அலமாரி, சுவரோடு பதித்தது. எங்கள் இரும்பு பீரோ அந்த லிஃப்டுக்குள் நுழையாது என்பதால் அதைக் கீழ்வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தது.

அப்பா அந்தப் புது அலமாரியைத் தரையில் வரைந்தார். ஆறடிக்கு ஏழடி. உள்ளே இரண்டு கோடு இழுத்து மூன்றாகப் பிரித்தார்.

"கப்பல்ல ஏத்துத மாதிரிதான். கோட்டுக்குள்ள அடங்குனா வரும். அடங்கலன்னா கரையிலயே நிக்கும்."

"இதுல எனக்கு எது?" என்றாள் அம்மா.

"நீயே சொல்லு."

அம்மா யோசிக்கவே இல்லை. ஓரத்துக் கட்டத்தைக் கால்விரலால் காட்டினாள். "இது நம்ம ரெண்டு பேருக்கும். மத்த ரெண்டும் பிரியாவுக்கு. வேலைக்குப் போப்போற பிள்ளை. தினம் ஒரு துணி வேணும்லா."

நான் இன்ச் டேப்பைச் சுருட்டி வைத்தேன். சொல்ல வேண்டிய ஒன்று பன்னிரண்டு நாட்களாக என்னிடம் இருந்தது.

புனேயில் ஓர் ஆய்வுக்கூடம். வேதியியலில் ஐந்து வருட ஆராய்ச்சி. மின்னஞ்சல் வந்த அன்று மதியமே சம்மதம் என்று பதில் போட்டுவிட்டேன். அக்டோபர் கடைசியில் போய்ச் சேர வேண்டும். அன்று மாலையே வீட்டில் சொல்லியிருக்கலாம். அம்மா அப்போது புது வீட்டு ஜன்னலுக்குத் திரைத்துணி அளந்துகொண்டிருந்தாள், என் கட்டில் பக்கம் வெயில் விழக்கூடாது என்று.

ஓய்வுக்குப் பிறகு இருவரும் தூத்துக்குடிக்குத் திரும்புவதாகத்தான் இருந்தது. போன வருடம் ஒருநாள் சாப்பிடும்போது, ஆபீஸ்கள் நிறைந்த செக்டர் ஃபைவ் பக்கம் வேலை தேடலாமென்று இருக்கிறேன் என்றேன். ஒரே ஒரு வாக்கியம். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் என் வாக்கியங்களுக்கு எடை அதிகம். அடுத்த மாதமே அப்பா அதற்குப் பக்கத்திலேயே, நியூ டவுனில் வீடு பார்த்துவிட்டார்.

புடவைகள் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. அம்மா அதில் இரக்கமே காட்டவில்லை. வாயில் புடவை எல்லாம் பாத்திரக்கார மாஷிக்கு. பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவள் அவள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் வருவாள். என் பதினொரு குர்த்திகளையும் அம்மாவே மடித்து என் கட்டங்களில் வைத்தாள். இரண்டு கட்டங்களில் பாதிகூட நிரம்பவில்லை.

"இனிமே வாங்குவேல்லா," என்று சமாதானம் சொன்னாள்.

பிறகு பீரோவின் மேல்தட்டிலிருந்து கைப்பைகள் இறங்கின.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அம்மாவிடம் இருந்தது ஒரு சுருக்குப் பர்ஸும் மஞ்சள் துணிப்பையும்தான். டிராமில் போகிற பெண்கள் எல்லாரும் தோளில் பை மாட்டியிருப்பதைப் பார்த்து, "இந்த ஊர்ல எல்லாரும் ஆபீஸுக்கா போறாவ?" என்று கேட்டாளாம். அந்த வருடத் துர்கா பூஜை போனஸில் அப்பா நியூ மார்க்கெட்டில் ஒரு பை வாங்கிக்கொடுத்தார். அடுத்த பூஜைக்கு இன்னொன்று. அதன் பிறகு அது நிற்கவே இல்லை. தீபாவளிக்குப் புடவை, பூஜைக்குப் பை.

அப்பா சுவர்க் காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டார். ஆறு கட்டும் மூன்றும். முப்பத்துமூன்று.

"ஒரு பூஜைகூட விடல," என்றார். பெருமை அவருக்குத்தான்.

"கொரோனா வருஷம்?" என்று கேட்டேன்.

"பார்சல்ல வந்துச்சே, அந்தச் சனியன்," என்று அம்மா ஒரு ஊதாப் பையைத் தூக்கிப் போட்டாள். "கையால தொட்டுப் பாக்காம வாங்குனா இப்படித்தான். வெளிய!"

அப்பா "வெளிய" என்று சொல்லி ஒரு கோடு போட்டார்.

நிறையப் பைகள் தோல் உரிந்து கிடந்தன. கறுப்புத் துகள் அம்மாவின் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. இந்த ஊர் வழக்கப்படி பாத்ரோ மாத, அதாவது நம் ஆவணி, வெயிலில் வருடம் தவறாமல் காயவைத்திருந்தும் இப்படி. இது தோல் இல்லை, துணிமேல் பூசிய பாலியூரிதேன், காற்றில் இருக்கிற ஈரமே அதன் சங்கிலியை மெல்ல உடைத்துவிடும் என்று சொன்னேன்.

"அப்போ என் தப்பு இல்லையே?"

"இல்லம்மா."

"நான் சரியாப் பாத்துக்கிடலன்னு இத்தன வருஷம் நெனச்சிட்டிருந்தேன்." நிம்மதியாக உரிந்ததையெல்லாம் வெளியே வைத்தாள்.

வெளியே போகிற ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு துண்டு விரலி மஞ்சள் போட்டாள். வெறும் பையை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது அவள் வழக்கம். மஞ்சள் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கவிழ்த்து உதறினாள். திருநீற்றுப் பொட்டலம், ஹேர்பின், மை தீர்ந்த பேனா, நிறம் போன பஸ் டிக்கெட். அலிப்பூர் மிருகக்காட்சி சாலைச் சீட்டு ஒன்று. பத்துப் பன்னிரண்டு பைகளுக்குப் பிறகுதான் கவனித்தேன். எல்லாவற்றிலும் ஒரு பாலிதீன் கவர், முக்கோணமாக மடித்தது.

"இது என்னம்மா?"

"நீ பஸ்ல வாந்தி எடுப்பேல்லா."

"அது மூணாங்கிளாஸோட நின்னுபோச்சே."

"நின்னுபோச்சுதான்."

போன வருடப் பையை எடுத்துத் திறந்து பார்த்தேன். அதிலும் இருந்தது. அம்மா என் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். "பழக்கம். விடு."

பைகளை வருட வரிசையில் அடுக்கியதும் இன்னொன்றும் தெரிந்தது. நான் பிறந்த வருடத்துக்குப் பிறகு பைகள் சட்டென்று அகலமாகின்றன. வெளிப்பக்கம் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பாக்கெட். எனக்குப் பத்து வயதானபோது ஜிப் வைத்தவை. டிராமில் யாரோ என் டிபன் ஸ்பூனைத் திருடிவிட்டார்கள் என்று நான் அழுதிருக்கிறேன். பிறகு ஃபைல் நுழைகிற நீளப் பைகள். நான் கல்லூரிக்குத் தனியாகப் போகத் தொடங்கிய பிறகு பைகள் சிறுத்துவிடுகின்றன. கடைசி மூன்றும் உள்ளங்கையளவு. ஒரு ஃபோன், ஒரு சாவி, ஒரு பாலிதீன் கவர்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அம்மா."

"என்னட்டி?"

"டீ போடட்டுமா?"

"போடு. இஞ்சி தட்டிப் போடு."

அடுக்களையில் இஞ்சியை வேண்டியதைவிட அதிகமாகத் தட்டினேன்.

திரும்பி வந்தபோது சண்டை நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் கட்டத்தில் ஒன்பது பைகளுக்குமேல் அடங்கவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது அப்பா என் கட்டத்தைப் பிரிக்கிற கோட்டைப் பாதத்தால் தேய்த்துவிட்டு, நான்கு விரல் தள்ளிப் புதுக்கோடு போட்டிருக்கிறார்.

"டாலி கிளார்க்காம் டாலி கிளார்க்கு! கோட்ட நகத்துதியளே, வெக்கமா இல்ல?"

"நாலு வெரல்தானளா."

"பிள்ளை எடத்துல நாலு வெரலு. இப்படித்தான் டாக்குலயும் எண்ணுனியளோ?"

"டாக்குல எவனும் இவ்வளவு சண்ட போடல." அப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லுட்டி. உனக்கு நாலு வெரல் போனா என்ன?"

இரண்டு கட்டங்களும் எனக்கு வேண்டாம் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

"பரவாயில்லப்பா," என்றேன்.

"அவ அப்படித்தான் சொல்லுவா, பாவம்," என்ற அம்மா, ஈரத்துணியால் புதுக்கோட்டைத் துடைத்துவிட்டு, பழைய இடத்தில் தானே கோடு போட்டாள். தன் ஒன்பதில் இரண்டை எடுத்து வெளியே வைத்தாள். ஏழும் அப்பாவின் சட்டைகளோடு மல்லுக்கட்டின. இன்னும் இரண்டு போயின. மதியம் சாப்பிட்டு எழுந்தபோது உள்ளே ஐந்து இருந்தன. என் கட்டங்களில் குர்த்திகள் போக, சாக்பீஸ் வாசனையோடு வெறும் சிமெண்ட் தரை தெரிந்தது.

மூன்று மணிக்கு மாஷி வந்தாள். தலைச்சுமையை இறக்கிவிட்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, அம்மா கொடுத்த தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். அவளும் அம்மாவும் வங்காளத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அம்மாவுடைய வங்காளம் தூத்துக்குடி வங்காளம். மாஷிக்கு அம்மா 'பௌதி', அண்ணி.

"எல்லாத்தையும் காலி பண்றியே பௌதி. மறுபடி கல்யாணமா?"

"ஆமா, மாப்பிள்ளையத்தான் தேடுறேன். சீக்கிரம் பாரு."

புடவைகளை மாஷி வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல் பார்த்தாள். பிறகு பைகளிடம் வந்தாள். உரிந்ததையெல்லாம் கையால் ஒதுக்கினாள். ஒரு பைக்குள்ளிருந்து மஞ்சள் துண்டை எடுத்து மோந்து பார்த்துச் சிரித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புடவைக்கு இந்த ரெண்டு கிண்ணம். பை போகாது பௌதி. யாரு வாங்குவா?"

"டிபன் டப்பா ஒண்ணு குடு. அந்த மூணடுக்கு." அம்மா என் பக்கம் கை காட்டினாள். "இவளுக்கு. புது வீட்டுலேர்ந்து ஆபீஸ் போவா. சோறு, குழம்பு, பொரியல். கேன்டீன் சாப்பாடு இவளுக்கு ஆகாது."

"அதுக்கு இது பத்தாது." மாஷி ஹாலுக்குள் எட்டிப் பார்த்தாள். சாக்பீஸ் கட்டத்துக்குள் இருந்த ஐந்தில் ஒன்றைக் காட்டினாள். "அது நிஜத் தோல்தானே?"

அடர்பழுப்பு நிறப் பை அது. நான் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நாளில் அம்மா தோளில் மாட்டியிருந்தது. ஜூலை மழை. என் சான்றிதழ் ஃபைல் முழுவதும் அதற்குள் இருந்தது. நான்காம் எண் கேட்டில் குடை பிய்த்துக்கொண்டு போக, அம்மா அந்தப் பையை வயிற்றோடு அணைத்து, முந்தானையால் மூடி, குனிந்தபடியே ஓடினாள். அவள் உள்பாவாடைவரை நனைந்தாள். சான்றிதழ்கள் நனையவில்லை. பையின் ஒரு பக்கத்தில் மட்டும் நீர்க்கறை பிறை மாதிரி தங்கிவிட்டது. அந்தச் சான்றிதழ்களைத்தான் நான் புனேக்கு அனுப்பியிருந்தேன்.

அம்மா பையைப் பார்த்தாள். என் வெறும் கட்டங்களைப் பார்த்தாள்.

"அது இருக்கட்டுமே, ஏளா," என்றார் அப்பா. அவர் கையில் பென்சில் அப்படியே நின்றது.

"இருந்து என்ன செய்ய? அதையும் எடுத்தா அந்த எடத்துல உங்க சட்டையாவது கசங்காம இருக்கும். இவளுக்கு டப்பா வேணும்." அம்மா குனிந்து பையை எடுத்தாள். கவிழ்த்து உதறினாள். முக்கோணக் கவர் தரையில் விழுந்தது. ஒரு துண்டு மஞ்சளைப் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். கறை இருந்த பக்கத்தைப் புடவையால் ஒருதரம் துடைத்தாள். துடைத்தால் போகாது என்று அவளுக்குத் தெரியும்.

மாஷி டப்பாவை நீட்டினாள். அம்மா பையை நீட்டினாள்.

ஒருமுறை கொடுத்ததை மாஷியிடம் திரும்பக் கேட்கிற வழக்கம் கிடையாது. அவள் கை பையின் வாரைத் தொட்டுவிட்டது. நான் எழுந்து நின்றிருந்தேன். சாக்பீஸ் கோட்டை மிதித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அதைக் கொடுக்காத."

"ஏன்ட்டி?"

"அந்த அலமாரி முழுக்க நீயே வச்சுக்கோம்மா. எனக்கு அதுல இடம் வேண்டாம். நான் நியூ டவுன் வீட்டுல இருக்கப்போறதில்ல. புனேல ரிசர்ச்சுக்கு இடம் கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் போறேன்."