ஃபில்டருக்குள் தீர்த்தப்பொடி

எங்காத்துக்காரர் சக்ரபாணிக்கு ஸ்ரீரங்கத்தைத் தாண்டினால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. குடித்துப் பார்த்தா சொல்கிறார்? அதெல்லாம் இல்லை. வெளியூர்ப் பெயரைக் கேட்டாலே தொண்டை கரகரக்கும். அதனால் முப்பது வருஷமாக என் பத்ரி யாத்திரை நாள் பார்ப்பதோடு நின்றுபோனது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, திருச்சி ஹாலித் தம்பியின் கேரவன் வண்டியை நானே பேசி முடித்தேன். உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிவறை, வடிகட்டிய தண்ணீர். முதலில் பக்கத்திலிருக்கும் முக்கொம்பு அணை வரை ஒரு வெள்ளோட்டம். சரிப்பட்டால் பத்ரி, இல்லையென்றால் இந்த ஜன்மத்தில் அந்தப் பேச்சே கூடாது என்று இவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"டேங்க்கைக் கழுவி நம்ம காவேரித் தண்ணிதான் மாமா நிரப்பியிருக்கேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டரை மாத்திடுவேன். அதை மட்டும் திறந்துடாதீங்க" என்றார் ஹாலித்.

திறக்காதே என்றால் இவருக்குக் கை அரிக்கும். போகிற வழியில் ஜீயபுரத்தில் ஹாலித் டீ குடிக்க இறங்கினார். நான் கொஞ்சம் கண் அசந்தேன். அதற்குள் மனுஷர் தன் வேலையைக் காட்டிவிட்டார்.

முக்கொம்பில் வண்டி நின்றது. கழிவறைக்குள் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கோதை, அபசாரம்! ஃப்ளஷ்ல பச்சைக் கற்பூரம் மணக்கறது. பெருமாள் தீர்த்தம் மாதிரியே இருக்குடி. அதைப் போய் எப்படி நான்..."

"அது எப்படி அங்கே வந்தது?"

திருதிருவென்று முழித்தார். "ஃபில்டரைத் திறந்தா உள்ளே ஒரே கரி. அழுக்குன்னு தூக்கி எறிஞ்சுட்டு, அந்த எடத்துல, பெருமாள் தீர்த்தத்துல கலக்கற தீர்த்தப்பொடியை மூட்டை கட்டி வெச்சேன். குடிக்கற குழாய்க்கு மட்டும்தான் போகும்னு நெனச்சேன்."

ஹாலித் தலையில் கைவைத்தார். "ஐயோ மாமா, அந்தக் கரிதான் ஃபில்டரே! எல்லாக் குழாய்க்கும் அது வழியாத்தான் தண்ணி போகுது. வேற புதுசு போட்டு, லைன் பூரா அலசணும். பத்து நிமிஷம் ஆகும்."

"பத்து நிமிஷமா!" இவர் கால் மாற்றிக் கால் நின்று தவித்தார். முக்கொம்புப் பார்க்கில் கழிவறை இருக்கிறதே என்றேன். செத்தாலும் வெளியில் போக மாட்டாராம்.

ஹாலித் ஸ்பானருக்குக் கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு அதை எடுத்துவிட்டேன்.

"பத்ரிக்கு வரேளா?"

"ஸ்பானரைக் குடுடி!"

"வரேளா, மாட்டேளா?"

"நீ என்ன ராக்ஷஸியா?"

"நான் முப்பது வருஷம் அடக்கிண்டு இருந்தேன். உங்களுக்குப் பத்து நிமிஷம் முடியலையோ?"

"வரேன், வரேன். ரங்கா! சத்தியமா வரேன்!"

ஸ்பானரைக் கொடுத்தேன். ஹாலித் புது ஃபில்டரை மாட்டி, ஒவ்வொரு குழாயாகத் திறந்துவிட்டு மோந்து பார்த்தார். "இப்ப ஒரு வாசனையும் இல்ல மா..." என்று முடிப்பதற்குள் கழிவறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கோதை, பத்ரில குளிர் ஜாஸ்தியா இருக்குமோ?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஸ்வெட்டர் எடுத்துக்கலாம்" என்றேன்.

ஹாலித்திடம் கேட்டு வாங்கிய ஸ்பானர் இப்போது என் முந்தானையில் முடிந்திருக்கிறது. பத்ரி போய்த் திரும்பும்வரை அது அங்கேதான் இருக்கும்.