டிக்கிக்குள் அப்பாவின் அறை

வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆள் சிறிது, காரம் பெரிது என்பதால் சிறுவயதில் அண்ணன் வைத்தது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போய், தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. அந்த அண்ணன்தான் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கேன். எல்லாருமாச் சேர்ந்து தம்பி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம். அப்பாவும் வர்றாரு. நீயும் லீவு போடு" என்றான்.

கடுகுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா போன பிறகு அப்பா அண்ணன் வீட்டோடு இருந்தார்; குடும்பமாக அவர்கள் எங்குமே போனதில்லை. விடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாமான்களை எல்லாம் அவனே ஏற்றி டிக்கியை மூடியிருந்தான். அண்ணனுக்குக்கூடப் பொறுப்பு வந்துவிட்டதே என்று மெச்சிக்கொண்டாள்.

அண்ணனும் அண்ணியும் முன்னால், அவளும் அப்பாவும் பின்னால். "பாத்தியா, சத்தமே இல்ல" என்று அண்ணன் ஊர் எல்லை தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். அப்பா தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் நம்புவார். "சத்தமே இல்லாம வந்தா குறுக்க வர்றவனுக்கு எப்படிடா தெரியும்?" என்றார். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கடுகு அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கதை, தம்பியின் சேட்டை என்று அப்பாவோடு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

மதிய வெயிலில் நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் சார்ஜ் போட நிறுத்தினார்கள். வேகமாக ஏற்றும் கருவியின் திரை இருண்டு கிடந்தது. பக்கத்துச் சுவரில் மெதுவாக ஏற்றும் கருவி ஒன்று இருந்தது. அதற்கு வண்டியில் இருக்கும் வயரைத்தான் செருக வேண்டும். அண்ணன் கடைக்காரரோடு சண்டை போட உள்ளே போனான். அண்ணி அப்பாவைக் காபி குடிக்கக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். சும்மா நிற்பானேன், வயரையாவது எடுத்து வைப்போம் என்று கடுகு டிக்கியைத் திறந்தாள்.

வயர் டிக்கியின் அடித்தட்டுக்குக் கீழே இருந்தது. அதை எடுக்க மேலே இருந்ததை எல்லாம் இறக்க வேண்டியிருந்தது. அப்பாவின் பை. அதன் பின்னால் மடித்த பாத்ரூம் நாற்காலி. கம்பளி மூட்டை, தலையணை. இருக்கிற செருப்பு அத்தனையும் ஒரே பையில். போர்வையில் சுற்றிய சின்ன டிவி. கடைசியாக, துண்டில் சுற்றிய சட்டம் ஒன்று. துண்டை விலக்கினால் அம்மாவின் படம்.

எக்ஸ்ரே படத்தில் எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்டக் கூடாது என்பது அவள் தொழிலில் முதல் பாடம். அன்றைக்கு அது கைகொடுக்கவில்லை. உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை எரிந்தது.

"டிக்கிய யாரு தொறக்கச் சொன்னா?" என்று கத்திக்கொண்டே அண்ணன் ஓடி வந்தான்.

"இதெல்லாம் என்னண்ணா?"

"அப்பாவோட சாமான்."

"அது எனக்கும் தெரியுது. ஒரு வாரம் தங்கப் போறவருக்கு அம்மா படம் எதுக்கு?"

அண்ணன் வயரைத் தேடுவதுபோலக் குனிந்தான். "அங்க பழகிட்டா அப்படியே இருக்கட்டுமேன்னுதான்…"

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னா வருவாரா?"

"தம்பிகிட்ட?"

"நேர்ல போய்ப் பேசிக்கலாம்னு நினைச்சேன்."

"நேர்லயா! வாசல்ல இறக்கி வச்சுட்டு வண்டிய எடுத்துட்டு வந்துடலாம்னு நினைச்சிருக்கே. சத்தமே இல்லாத வண்டி, நல்ல வசதிதான்!" என்றாள். சொல்லும்போதே இன்னொன்று உறைத்தது. தன்னை லீவு போடச் சொன்னது எதற்கு? அப்பாவோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர. அவருக்குச் சந்தேகம் தட்டாமல் இருக்க. "என்னையும் இதுக்குக் கூட்டாளி ஆக்கிட்டியே" என்றாள்.

சத்தம் கேட்டு அண்ணி வந்தாள். அவள் பதுங்கவில்லை. "பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அத்தை போனதுலருந்து அவரைக் குளிப்பாட்டுறது, தூக்கி உக்கார வைக்கிறது எல்லாம் யாரு? நீ வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற, கால் பிடிச்சு விடுற, போட்டோ எடுக்குற, போயிடுற. என் முதுகெலும்ப நீதானே படம் எடுத்த? அதுல என்ன இருந்துச்சுன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லேன்."

அந்தப் படம் கடுகுக்கு நன்றாக நினைவிருந்தது. கீழ் எலும்புகள் இரண்டும் தேய்ந்து ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன.

"முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கணும் அண்ணி" என்றாள். "யார் வேணாம்னா? ஆனா அவருக்குத் தெரியாம அவரையே மூட்டை கட்டுறது என்ன நியாயம்?"

"நானும் அதைத்தான் கேக்கணும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அப்பா தடியை ஊன்றிக்கொண்டு தானே நடந்து வந்திருந்தார். தரையில் பரப்பிக் கிடந்த தன் அறையை நின்று பார்த்தார். குனிய முடியாமல் குனிந்து, அம்மாவின் படத்தின் மேல் துண்டை மறுபடி மூடினார்.

"டேய், நான் வேலை பாத்த காலத்துல பார்சலக்கூட வாங்குறவன் கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்போம். என்னை வாங்க உன் தம்பி கையெழுத்துப் போட்டானா?"

அப்பா அண்ணியைப் பார்த்தார். "உனக்கு முடியலன்னு என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்க மகன்தான் சொல்ல வேணாம்னாரு, மாமா" என்றவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"சின்னவனுக்குப் போன் போடு" என்றார் அப்பா கடுகிடம். அவள் போட்டு அப்பாவிடம் கொடுத்தாள். தம்பி எடுத்தான். குரலில் உற்சாகம் வழிந்தது. "எங்க வந்துட்டிருக்கீங்கப்பா?"

"வந்துக்கிட்டேதான் இருக்கோம். என்னை இனிமே உன் வீட்டோடயே விட்டுடறதா உங்கண்ணன் முடிவு பண்ணியிருக்கான். உனக்குத் தெரியுமா?"

எதிர்முனையில் உற்சாகம் இறங்கியது. பிறகு மெல்ல, "ஒரு வாரம்னுதானே சொன்னாங்க… சரி, வாங்கப்பா, பேசிக்கலாம்" என்றான்.

"பேசிக்கலாம், பேசிக்கலாம்!" அப்பாவின் தடி தரையில் இடித்தது. "என்னைத் தவிர எல்லார்கிட்டயும் பேசிக்கிறீங்க!"

"யாரும் வேணாம்ப்பா, நீங்க என்னோட வாங்க" என்றாள் கடுகு.

"உன் வீடு மாடியில இருக்கு. என் முழங்கால் ஏறுமா? வாய்ப்பந்தல் போடாதே. கீழ்வீடு பாரு, பாத்துட்டுக் கூப்பிடு. வர்றதா வேணாமான்னு நான் சொல்றேன்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "சொன்ன வாரம் முடிஞ்சதும் உன் வீட்டுக்குத்தான் வருவேன். என்னைத் தூக்குறது, குளிப்பாட்டுறது இனிமே நீ. உன் பொண்டாட்டி இல்ல."

அண்ணன் வயரைச் செருகினான். பெட்ரோல் வண்டியாக இருந்தால் கோபத்தில் யாராவது கிளப்பிக்கொண்டு போயிருக்கலாம். இது சொட்டுச் சொட்டாக ஏறியது. வேறு போக்கிடம் இல்லாமல் நால்வரும் ஒரே நிழலில், ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணிக்கு முதுகு வலித்தது. கடுகு எழுந்து போய் கம்பளி மூட்டையை எடுத்து வந்து அவள் முதுகுக்கு அண்டக் கொடுத்தாள்.

தம்பி வீட்டு வாசலில், அவன் ஓடி வந்து டிக்கிக்குக் கைநீட்டியபோது அப்பா தடுத்தார். "இந்தப் பை மட்டும் போதும்."

அந்த வாரம் முழுக்கக் கடுகு அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் திரும்பியதும் மருத்துவமனைக்குப் பின்தெருவில் கீழ்வீடு தேட ஆரம்பித்தாள். கிடைக்க நாளானது, கிடைத்த அறையும் சிறியதுதான். அப்பா வந்து பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னலைத் திறந்து பார்த்தார். "சரி" என்றார்.

அண்ணன் அதே காரில் சாமான்களைக் கொண்டு வந்தான். அப்பாவைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி அவனுக்கும் இடுப்பு பிடித்திருந்தது. சாய்ந்து சாய்ந்து நடந்தான். டிவியை மேசைமேல் வைத்துவிட்டு, "இப்பவாவது கோபம் போச்சா?" என்று கேட்டான்.

"போகல" என்றாள் கடுகு. "டிவிய இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு. அப்பாவுக்கு அங்கருந்து தெரியாது."