நேசபாய் சொல்ல நினைத்த சாட்சி

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பூங்கனி எழுந்து சாட்சி சொன்னாள். தினமும் நடக்கிறாளாம், சோற்றைக் குறைத்தாளாம். சர்க்கரை இறங்கி, டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டாராம். பாயில் இருந்த பெண்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நேசபாயும் சொன்னாள். நெஞ்சு மட்டும் எரிந்தது.

பூங்கனி அவளுடைய கொழுந்தனின் மனைவி. மார்த்தாண்டத்தில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. சர்க்கரை வியாதி முதலில் வந்தது நேசபாய்க்கு. ஜெபத்துக்கு முதல் ஆளாக வருவதும் அவள்தான். ஆண்டவர் பார்த்ததோ பக்கத்து வீட்டை.

ஒரு மாத்திரை நின்றதற்கே இத்தனை ஸ்தோத்திரம் என்றால், ஊசியையே விட்டவளுக்கு? அன்றோடு அவள் இன்சுலின் போடுவதை நிறுத்தினாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓயாமல் தாகம் எடுத்தது, கண் மங்கியது. விசுவாசத்துக்கு வந்த சோதனை என்று எண்ணிக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து, உபவாச ஜெபத்தின் சாட்சி நேரத்தில் கையை ஊன்றி எழப் போனாள். பின்னால் இருந்த பூங்கனி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, எழும்பாதீங்க."

"ஏன், நீ மட்டுந்தான் சாட்சி சொல்லணுமாட்டி?"

"நல்லா சொல்லுங்க. முதல்ல காலைப் பாருங்க."

பாய் நனைந்திருந்தது. சுண்டுவிரலடியில் செருப்பு கடித்த இடம் பழுத்து உடைந்திருந்தது. அவளுக்கு வலியே தெரியவில்லை. பூங்கனி தன் முந்தானையால் அதை மறைத்து, மெல்ல வெளியே குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவினாள்.

"ஊசி போடுதீங்களா?"

"விட்டுட்டேன்."

"எப்ப?"

"நீ சாட்சி சொன்ன அண்ணைக்கு."

பூங்கனியின் கை நின்றது. "எனக்கு டாக்டர் பாத்துல்லா நிறுத்தினாரு. மத்த மாத்திரை எல்லாம் இப்பவும் முழுங்குகேன் அக்கா."

"அதைச் சொல்லேல்லியே."

"கேட்டா சொல்லமாட்டேனா? நீங்க எங்கிட்ட பேசுகதே இல்லியே."

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு விரலை எடுத்தாக வேண்டும், பிந்தியிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர். கட்டிலில் படுத்தபடி நேசபாய் பூங்கனியின் கால்களைப் பார்த்தாள். பத்து விரலும் முழுசாக இருந்தன. அப்போதும் பொறாமை போகவில்லை.

பிறகுதான் பூங்கனியின் கைகளைக் கவனித்தாள். அவை நடுங்கின. நெற்றியெல்லாம் வியர்வை. ஜெபம் முடிந்து கஞ்சி குடிக்க வேண்டியவள், காலையில் மாத்திரை போட்டதோடு வெறும் வயிற்றில் இவளுக்காக அலைந்துகொண்டிருந்தாள். அந்த நடுக்கம் நேசபாய்க்குத் தெரியும்.

"ஏட்டி, இங்க இரி. சிஸ்டர், இவளுக்குச் சர்க்கரை எறங்குகு. சீக்கிரம் ஏதாவது குடுங்க."

நேசபாய்க்கு இன்சுலின் ஊசியோடு வந்த சிஸ்டர் ஓடிப்போய்க் குளுக்கோஸ் கலக்கிக்கொண்டு வந்தாள். பூங்கனியின் கையில் டம்ளர் நிற்கவில்லை. நேசபாய் எழுந்து உட்கார்ந்து, அதை அவள் வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

"மெல்லக் குடி."

சிஸ்டர் ஊசியை எடுத்தாள்.

"இவ குடிச்சு முடிக்கட்டு," என்றாள் நேசபாய். "பெறவு எனக்குப் போடுங்க."