உட்கார்ந்தபடி திருப்பிய லாரிகள்

பதினேழு லாரிகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே திருப்பி அனுப்பியவன் நான். ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக்குக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் ஓடையை மூடிக் குழாய் பதிக்க நகராட்சி முடிவு செய்திருந்தது. அறிவியல் ஆசிரியையான என் மருமகளோ, தன் வகுப்பையும் எங்கள் தெருச் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு இரண்டு வருடமாக அந்த ஓடையைச் சுத்தம் செய்து உயிர்கொடுத்து வந்தாள். கடைசியில் ஓர் உடன்பாடு: சுத்தமான நீரில் மட்டுமே வாழும் மூன்று வாலுள்ள பூச்சி ஒன்றையாவது பொறியாளருக்குக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் குழாய்தான். பொறியாளர் வேறு யாருமில்லை, என் மைத்துனன். மழை பெய்கிறது என்று நான் சொன்னாலும் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவான்.

சோதனை பதினொரு மணிக்கு. விடிந்ததிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கும் ஓடைக்கும் நாற்பது நடை நடந்ததில் செருப்பு தேய்ந்து காகிதமாகிவிட்டது. வலையோடு வந்த மருமகள் தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மாமா, கல்லெல்லாம் ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"ஆபீசர் வர்றாருல்ல? நேத்து சங்கத்து ஆளுங்க பிரஷ் போட்டுத் தேய்ச்சாங்க. முகம் பார்த்துத் தலை சீவலாம்!"

"ஐயோ மாமா! அந்தப் பாசியிலதானே பூச்சியே இருக்கும்!"

மைத்துனன் வந்தான். குழாய் லாரிகள் மேட்டில் உறுமிக்கொண்டிருந்தன. மாணவர்கள் வலை வீசினார்கள், ஒன்றுமில்லை. மறுபடியும் ஒன்றுமில்லை. நான் கரைக்கும் தண்ணீருக்குமாகத் தாவிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், ஒரு இடத்துல நில்லுங்களேன்! நீங்களும் சேர்ந்துதான் தேய்ச்சீங்களா?"

"நான் எதுக்கு மாப்ள தேய்க்கணும்? ஒரு கல்லுல உட்கார்ந்து வேலை வாங்கினேன்."

மருமகள் சட்டென்று நிமிர்ந்தாள். "எந்தக் கல்லு மாமா?"

காட்டினேன். நட்டநடுவில், பாதி மூழ்கிய கல். முந்தின நாள் பொழுது சாயும்வரை நான் எழுந்திருக்கவில்லை என்பதால் அதை யாரும் தொடவில்லை. நான்கு பேர் சேர்ந்து புரட்டினார்கள். அடியில் அரிசி அளவில் பூச்சிகள், ஒரு லட்சம் இருக்கும். அவள் ஒன்பது என்று எழுதிக்கொண்டாள்.

மைத்துனன் லென்ஸை வாங்கி ஒவ்வொன்றுக்கும் வால் எண்ணினான். பிறகு படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, மேட்டிலிருந்த லாரிகளைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

இதை நான் எங்கே சொன்னாலும் எல்லோரும் அவன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு கல்யாண வீட்டிலும் அப்படித்தான். அவன் நெடுநேரம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"லாரி ரெண்டுதான்," என்றான். "மத்தபடி... ஆமா, நடந்தது. அத்தான் எந்திரிக்கவே இல்ல."