இரண்டு முகவரி, ஒரே பெட்டி

அம்மா மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள் என்று வால்பாறையிலிருந்து தகவல் வந்ததும் பிந்துவால் உடனே பஸ் ஏற முடியவில்லை. சிங்காநல்லூரில் அவள் வேலை பார்த்த கம்பெனி நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரி பாகங்கள் செய்து ஜெர்மனிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து முழுக்க அவள் பொறுப்பு. 1999 ஆகஸ்ட் மாதம். ஃபாக்ஸ் போய் எல்லாமே இமெயில் என்றாகிவிட்டிருந்த காலம்.

"போய்ட்டு வா அம்மணி. அம்மாளப் பாக்காம இருக்க முடியுமா?" என்றார் முதலாளி கோவிந்தராஜுலு. "ஆனா ஜெர்மன்காரன் புது டிராயிங் அனுப்பறேன்னுட்டு இருக்கறான். மெயிலு மட்டும் நிக்கக் கூடாது, பாத்துக்க."

மலையில் இருந்துகொண்டு எப்படி மெயில் பார்ப்பது? கணக்குப் பிரிவில் இருந்த நசுருதீன்தான் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு. அவனிடம் கேட்டாள்.

"மூணு மாதிரி செய்யலாமுங்க மேடம்," என்றான் அவன். "அங்கிருந்தே கோயமுத்தூருக்கு எஸ்.டி.டி. போட்டு நம்ம கம்பெனி மெயில் பெட்டியத் தொறக்கலாம். கறுப்பு ஸ்கிரீன்ல எழுத்து மட்டும் வரும், டிராயிங் பாக்க முடியாது. இல்லீனா பாஸ்வேர்ட எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துப் போன்ல சொல்லிப்போடறேன். இல்லீனா கம்பெனிக்கு வர்றத அப்படியே உங்க இலவசப் பெட்டிக்குத் திருப்பி உட்டுறலாம். உங்க சொந்த மெயிலும் ஆபீஸ் மெயிலும் ஒரே எடத்துல வந்துரும்."

இரண்டாவது வழிதான் சுலபம். ஆனால் அதை நினைத்ததுமே பிந்துவின் காது சூடாயிற்று. அவள் கணவன் வம்சி துருக்கியில் இருந்தான். இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே ஒரு நூற்பாலையில் புது இயந்திரங்களை நிறுவிக் கொடுக்கும் வேலை. சோமனூரைச் சேர்ந்த ஃபிட்டர் நரசிம்மலுவும் உடன் போயிருந்தார். வம்சி வாரத்தில் நாலு மெயிலாவது போடுவான், ஆங்கில எழுத்தில் தமிழ். அவளுடைய பெட்டி சில நாள் திறக்காது, கம்பெனிப் பெட்டியைத் தினமும் பார்ப்பாள் என்பதால் இரண்டு முகவரிக்கும் மாற்றி மாற்றி எழுதுவான். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியாத புருஷன் என்ன எழுதுவானோ அதெல்லாம் எழுதுவான். அதையா நசுருதீன் படிப்பது?

"திருப்பி விட்டுருங்க. ஒரே இடத்துல இருந்தா எனக்கும் நல்லது," என்றாள்.

நசுருதீன் கொஞ்சம் தயங்கினான். "கம்பெனிப் பெட்டியில காப்பி நிக்காதுங்க. பரவால்லீங்களா?"

"நான்தான் பாக்கறேனே."

மறுநாள் அவள் பொள்ளாச்சி போய் வால்பாறை பஸ் ஏறினாள்.

வால்பாறை கடைவீதியில் ஆறுச்சாமியின் எஸ்.டி.டி. பூத்தில் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அங்கிருந்து பொள்ளாச்சிக்கு டயல் செய்து இணைப்பு எடுக்க வேண்டும். மழை வலுத்தால் லைன் இரையும், இரைந்தால் அறுந்துவிடும். முதல் தடவை போனபோது வம்சியின் மெயில் இரண்டும் ஜெர்மன்காரருடைய மெயில் ஒன்றும் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒரே திரையில். நல்ல வழியைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று பிந்து நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. அம்மா பங்காரம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு. தலை வாரிவிடுவதிலிருந்து சோறு ஊட்டுவது வரை பிந்துதான். இரண்டு மூன்று நாள் கடைவீதிப் பக்கம் போகவே முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரேடியோச் செய்தியில் துருக்கி என்ற பெயர் காதில் விழுந்தது. அம்மாவுக்கு ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. விடியற்காலையில் நிலநடுக்கம். ஆயிரக்கணக்கானோர் இடிபாடுகளுக்குள். இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி.

"என்ன கண்ணு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. கடைவீதி வரைக்கும் போய்ட்டு வாரேன்."

வம்சி தங்கியிருந்த விடுதிக்கு ஆறுச்சாமி திரும்பத் திரும்ப ஐ.எஸ்.டி. போட்டுப் பார்த்தார். விட்டு விட்டு ஒரு கூவல், அவ்வளவுதான். வம்சியின் கம்பெனிக்குப் பேசினாள். "எங்களுக்கும் லைன் கெடைக்கலீங்க. தெரிஞ்சா சொல்றோமுங்க," என்றார்கள். இணைப்பு எடுக்க முயன்றபோது மோடம் கீச்சிட்டது, இரைந்தது, நின்றது. மறுபடியும் கீச்சிட்டது, நின்றது.

"மேல லைன்ல மரம் உழுந்திருக்கும்போலங்க அம்மணி. காத்தால வந்துருங்க, பாக்கலாம்," என்றார் ஆறுச்சாமி.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னாள். பங்காரம்மா இடது கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

காலையில் ஆறுச்சாமி கடை திறக்கும் முன்பே பிந்து வாசலில் நின்றாள். இந்தத் தடவை இணைப்பு கிடைத்தது. பக்கம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வம்சியின் பெயருக்காக அவள் கண் துழாவியது. புதிதாக எதுவும் இல்லை. ஜெர்மன்காரரிடமிருந்து மட்டும் வரிசையாக டிராயிங்குகள். திரையின் தலையில் சிவப்பில் ஒரு வரி: உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது, வருகிற மெயில்கள் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன.

முதலில் அவளுக்கு அது புரியவே இல்லை. பிறகுதான் புரிந்தது. இலவசப் பெட்டி சின்னது. டிராயிங் ஒவ்வொன்றும் பெரியது. நிறைந்து எத்தனை நாளாயிற்றோ? வம்சி பிழைத்திருந்து, எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து எழுதியிருந்தால், அது அவனிடமே திரும்பிப் போயிருக்கும். சரி, கம்பெனி முகவரிக்கு எழுதுவோம் என்று எழுதியிருப்பான். அதையும் அவள்தான் இதே பெட்டிக்குத் திருப்பி விட்டிருக்கிறாளே! இரண்டு கதவு இருந்த வீட்டில் இரண்டையும் தன் கையாலேயே சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

இடம் காலியாக வேண்டுமென்றால் டிராயிங்குகளை அழிக்க வேண்டும். கம்பெனியில் காப்பி கிடையாது. ஆறுச்சாமியின் கம்ப்யூட்டரில் இறக்கி வைக்கலாம், ஆனால் இந்த லைனில் ஒரு டிராயிங் இறங்குவதற்குள் பொழுது போய்விடும். பாதியில் அறுந்தால் அதுவும் இல்லை. முதலாளியின் முகம் ஒரு கணம் வந்து போனது. அவள் ஒவ்வொரு டிராயிங்குக்கும் பக்கத்தில் இருந்த கட்டத்தில் குறியிட்டாள். அவசரத்தில் வம்சியின் பழைய மெயில் ஒன்றிலும் குறி விழுந்தது. அதை எடுத்துவிட்டு, அழி என்று அழுத்தினாள். பக்கம் பாதி வெளுத்து நின்றது. லைன் போய்விட்டது.

அழிந்ததா இல்லையா? மறுபடி டயல் செய்தால் எங்கேஜ்டு ஒலி. இன்னொரு தடவை. அதே ஒலி.

"கோயமுத்தூருக்கு போன் போகுங்களா?" என்று கேட்டாள்.

"பேசற லைன் போகுங்க," என்று ரிசீவரை நீட்டினார் ஆறுச்சாமி.

நசுருதீனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் பதறாமல் கேட்டுக்கொண்டான். "மொதல்ல திருப்பி உடறத நிறுத்திப்போடறேன் மேடம். இனிமே வர்றது கம்பெனிப் பெட்டியிலயே நிக்கும். அதுக்கு அந்தப் பெட்டியோட பாஸ்வேர்டு வேணுமுங்க."

பூத்தில் இன்னும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தார்கள். பிந்து அவர்கள் முன்னாலேயே பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சத்தமாகச் சொன்னாள். வம்சியின் பெயரும் அவன் பிறந்த வருஷமும்தான் அது.

"வம்சி ஏதாவது எழுதியிருந்தா நீங்களே படிச்சிருங்க. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்," என்றாள்.

அன்று முழுக்க அவள் பூத்தை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு தடவை போன் மணி அடித்தபோதும் எழுந்து நின்றாள். எஸ்டேட் மேனேஜருக்கு வந்தது, டீத்தூள் வியாபாரிக்கு வந்தது. ஆறுச்சாமி வாங்கிக் கொடுத்த டீ ஆடை படிந்து ஆறிப்போனது. அவளைக் கேட்டு யாரும் கூப்பிடவில்லை. அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்திருந்தது நினைவுக்கு வந்து, இருட்டும் முன் கிளம்பிப் போனாள்.

மறுநாள் காலை பதினொரு மணி வாக்கில்தான் ஆறுச்சாமி ரிசீவரை அவளிடம் நீட்டினார். பேசியது நசுருதீன்.

"வந்திருச்சுங்க மேடம்! சார் நல்லாருக்காருங்க!"

பிந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். "படிங்க," என்றாள்.

"அது... மொதல் ரெண்டு வரியத் தாண்டிப் படிக்கட்டுங்களா?"

"ஒரு வார்த்தை விடாம படிங்க நசுருதீன்."

அவன் கூச்சத்தோடு படித்தான். "'செல்லம், என் தங்கக்கட்டி, பயந்துட்டியா? ரெண்டு பெட்டிக்கும் எழுதினேன், ரெண்டும் திரும்பி வந்திருச்சு. இது மூணாவது. நான் அங்காராவுல ஒரு ஆஸ்பத்திரியில இருக்கறேன். எனக்கு நெத்தியில தையல் மட்டும்தான். போன் கெடைக்கவே மாட்டேங்குது. நரசிம்மலு அண்ணன் மேல செவுரு உழுந்திருச்சு. ராத்திரி வரைக்கும் தோண்டித்தான் எடுத்தோம். உசுருக்கு ஆபத்தில்லன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா வலது காலு நசுங்கியிருக்குது. அவரு ஊட்டுல யாருக்கும் தெரியாது, போனும் இல்ல. நீ நேர்ல போய்ச் சொல்லு. இத மொத மெயில்லயே எழுதியிருந்தேன்...'"

பிந்து அழுதாள். ஆறுச்சாமி நின்றிருந்தவர்களை வெளியே கூட்டிப்போனார். அழுதுகொண்டே அவள் யோசித்தது அந்தக் கடைசி வரியைத்தான். முதல் மெயில் வந்திருந்தால் சோமனூருக்கு நேற்றே தகவல் போயிருக்கும்.

அம்மாவைப் பக்கத்து வீட்டுப் பொறுப்பிலேயே விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் மலை இறங்கினாள். என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எதுவும் சரியாக வரவில்லை.

சோமனூரில் நரசிம்மலுவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். அந்த வீட்டுத் தறி மட்டும் நின்றிருந்தது. நரசிம்மலுவின் மனைவி வெங்கடம்மாள் அவளைக் கண்டதும் எழுந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மணி, உங்க ஊட்டுக்கு ரெண்டு தடவ வந்து பாத்தேனுங்க. பூட்டியே கெடந்துச்சு. டி.வி.யில என்னென்னமோ காட்டறாங்க. உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர்ல கடுதாசி வருமேன்னு வந்தேன். யாரக் கேக்கறதுன்னே தெரீல."

வழியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "உயிரோட இருக்கறாருங்க அக்கா. ஆஸ்பத்திரியில இருக்கறாரு," என்றாள் பிந்து. பிறகு சுவரைப் பற்றிச் சொன்னாள், காலைப் பற்றிச் சொன்னாள்.

வெங்கடம்மாள் தறிக்கட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். "காலு இருக்குதுங்களா, எடுத்துப் போட்டாங்களா?"

"தெரியலீங்க அக்கா. என் பெட்டி நிறைஞ்சு போய் அவரு எழுதினதெல்லாம் திரும்பிப் போயிருச்சு. இல்லீனா நேத்தே வந்து சொல்லியிருப்பேன்."

பெட்டி எப்படி நிறையும் என்று வெங்கடம்மாளுக்கு விளங்கவில்லை. அதைக் கேட்கவும் இல்லை. "இப்பக் கேட்டா சொல்லுவாங்களா?" என்றாள்.

"காலையில என்கூட ஆபீசுக்கு வாங்க."

மறுநாள் கோவிந்தராஜுலு வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "டிராயிங்கெல்லாம் அழிஞ்சு போச்சுன்னு நசுருதீன் சொல்றான். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமல்ல அம்மணி?"

"போட்டிருக்கணுமுங்க. ஜெர்மன்காரங்களை மறுபடியும் அனுப்பச் சொல்லி இன்னைக்கே எழுதிடறேனுங்க," என்றாள் பிந்து. அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளுக்குப் பின்னால் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஒதுங்கி நின்ற வெங்கடம்மாளைப் பார்த்ததும், "உள்ள வந்து உக்காருங்கம்மா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

நசுருதீன் இணைப்பு எடுத்தான். பிந்து கம்பெனி முகவரியிலிருந்தே வம்சிக்கு ஒரே வரி எழுதினாள்: அண்ணனுடைய கால் எப்படி இருக்கிறது, அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், மறைக்காமல் எழுது. பிறகு காத்திருந்தார்கள். இணைப்பை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். மத்தியானம் போனது. வெங்கடம்மாள் டீ வேண்டாமென்றாள், தண்ணீர் மட்டும் குடித்தாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் இருந்த ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாவிட்டாலும்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. இந்தத் தடவை பிந்துவே சத்தமாகப் படித்தாள். காலை எடுக்கவில்லை. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நடக்க மாசக்கணக்கில் ஆகும், பழைய மாதிரி நடக்க முடியுமா என்பது இப்போது சொல்வதற்கில்லை. கீழே நரசிம்மலு சொல்லச் சொல்ல வம்சி அடித்த இரண்டு வரி இருந்தது: தறிய நிறுத்தாத. நான் வந்துருவேன்.

வெங்கடம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னொருக்காப் படிங்க அம்மணி," என்றாள்.

பிந்து மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.