நடக்க இயலாதவர்

“கடிகாரத்தைக் கணுக்கால்ல கட்டிக்கோயேன் அக்கா. சாக்ஸுக்குள்ள போயிடும், யாருக்குத் தெரியப்போகுது?”

“மாட்டேன்.”

“சரி, என்கிட்ட கொடு. இந்தக் கையில என்னோடது, அந்தக் கையில உன்னோடது. இன்னிக்குப் பாதி நாள் இருக்கு, நாளைக்கு முழுசா இருக்கு. ஒரு வாரத்து நடையை உனக்கு உதறித் தந்துடறேன்.”

“உன் கை உதறினதை என் கால் நடந்ததா எழுதிக்கணுமா? போடி அந்தண்ட.”

சிறகு சிரித்துக்கொண்டே அடுத்த துண்டை எடுத்தாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. விடுதிகளிலிருந்து வரும் துண்டுகளையும் விரிப்புகளையும் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் அந்தப் பெரிய சலவைக்கூடத்தில், ஈரத் துண்டுகளை உதறி மேசையில் போடுவது அவள் வேலை. இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிப் படார் படாரென்று உதறும்போது, எந்த நிமிடமும் தரையை விட்டு எழும்பிவிடுவாள் போலிருக்கும். ஆனால் காலையில் நின்ற இடத்தில்தான் மாலையிலும் நிற்பாள்.

அக்கா என்று அவள் கூப்பிட்டவளை மற்றவர்கள் வண்டியக்கா என்பார்கள். துவைக்கும் கூடத்திலிருந்து ஈர விரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, நீண்ட நடைவழியாக இஸ்திரி உருளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். காலி வண்டியோடு திரும்பி வந்து மறுபடி ஏற்றுவாள். பதினாறு வருடமாக அதே நடை. வழியில் ஓரிடத்தில் தரை லேசாக மேடேறும். பார்த்தால் தெரியாது, தள்ளினால்தான் தெரியும். அந்த இடம் வந்ததும் அவள் முதுகு தானாகக் குனிந்து கொடுக்கும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நிர்வாகம் எல்லோருக்கும் நடக்கும் அடிகளை எண்ணும் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது. இன்சூரன்ஸ் செலவு ஏறிக்கொண்டே போகிறதாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளாதவர்களால்தான் ஏறுகிறதாம். இனி புகைப்பவர், எடை கூடியவர், நடக்காமல் உட்கார்ந்தே இருப்பவர் எல்லோரும் கூடுதல் தொகை கட்டவேண்டும். யார் எவ்வளவு நடக்கிறார் என்பதைக் கடிகாரமே சொல்லிவிடும். மாதத்துக்கொரு பட்டியல் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டப்பட்டது. பச்சை, மஞ்சள், சிவப்பு.

முதல் பட்டியலில் முதலிடம் சிறகுக்கு. நாளொன்றுக்கு முப்பத்தோராயிரம் அடி. சூப்பர்வைசர் அவளை நிற்கவைத்துக் கைதட்டி ஒரு தண்ணீர்க் குவளையைப் பரிசாகக் கொடுத்தார். கடைசியில், சிவப்பில், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் அடியோடு இருந்தது வண்டியக்காவின் பெயர்.

அன்றைக்கு அந்த அறையே சிரித்துக் குலுங்கியது. “அக்கா வண்டியில ஏறி உக்காந்துக்கிறாங்கப்பா, வண்டி தானா போகுது” என்றான் ஒருவன். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். பிறகுதான் காரணம் புரிந்தது. கடிகாரம் கையின் வீச்சைத்தான் எண்ணுகிறது. வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்த கை வீசுவதே இல்லை. கால் எத்தனை தூரம் போனாலும் கை ஒரே இடத்தில் இருக்கிறது. அவள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “வாஸ்தவம்தான். கடிகாரக் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்களேன்” என்றார்.

கொதிகலன் பார்க்கும் பெரியவரும் சிவப்பில்தான் இருந்தார், புகைப்பவர் என்று. அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. “முன்னல்லாம் திருட்டுத்தனமா இழுத்தேன். இப்போ பணம் கட்டி இழுக்கிறேன், ராஜா மாதிரி” என்பார். பிறகு கொதிகலனைக் கட்டைவிரலால் காட்டுவார். “முப்பது வருஷமா இவன் விடற புகையையும் நான்தான் குடிக்கிறேன். அதுக்கு எவனும் அபராதம் போடலியே, கவனிச்சியா?” அவள் சிரிப்பாள். ஆனால் அவர் செய்ததற்குக் கட்டுகிறார். தான் எதற்குக் கட்டவேண்டும் என்ற இடத்தில் அவள் மனம் முரண்டுபிடித்து நின்றுவிடும், உளைச்சேற்றில் சக்கரம் சிக்கியதுபோல.

வண்டி தள்ளும்போது அவளுக்கு ஒரு விசித்திரமான எண்ணம் வரும். எண்ணப்படாத அடிகளெல்லாம் எங்கே போகின்றன? பதினாறு வருடத்து அடிகள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் கடலைத் தாண்டி, பெயர் தெரியாத ஊர்களைத் தாண்டி, பனி பெய்யும் ஏதோ ஒரு தெருவில் போய் நிற்கும். அந்தத் தெருவில் ஒருத்தி, அவளைப் போலவே குட்டையான ஒருத்தி, ஈர விரிப்புகளோடு யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருக்கிறாள். கதவைத் திறப்பவர் கேட்கிறார்: நீ எப்படி இங்கே வந்தாய்? உன் கணக்கில் நடையே இல்லையே?

மேடு வந்துவிடும். முதுகு குனியும். எண்ணம் கலையும்.

இந்த மாதம் சிவப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வாரம் கெடு. அதற்குள் எண்ணிக்கை ஏறாவிட்டால், வெள்ளிக்கிழமை நலத்திட்ட நர்ஸ் வரும்போது முன்கூட்டியே கொடுத்த ஒரு ஃபாரத்தைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். போடாவிட்டால் ‘ஒத்துழையாதவர்’. ஒத்துழையாதவரின் குடும்பத்துக்கு ஒன்றாம் தேதியிலிருந்து இன்சூரன்ஸ் கிடையாது. அவள் கணவரின் கண் ஆபரேஷன் பன்னிரண்டாம் தேதி.

*

அவர் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எட்டு மாதமாக வீட்டில் இருந்தார். வியாழக்கிழமை மாலை அவள் வந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே தெருவில் போகும் வண்டிகளைச் சத்தத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார், தனக்குத்தானே. “லாரி. பெரிய லோடு. கியர் மாத்தத் தெரியல அவனுக்கு.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஃபாரத்தை எடுத்துப் பிரித்தாள்.

“கேளுங்க. ‘என் உடல்நலத்தைப் பேண நான் தக்க முயற்சி எடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அசைவற்ற வாழ்க்கைமுறையை நானே தேர்ந்தெடுத்திருக்கிறேன்...’”

“அசைவற்ற?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

அவர் பொங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மெல்ல இறுகியது. “சரி, எழுதிட்டுப் போறான். நாலு எழுத்து. கிறுக்கிக் கொடுத்துட்டு வா.”

“எப்படிங்க? இது பொய்யில்ல?”

“ஊர்ல யாரும் பொய்யில கையெழுத்துப் போட்டதில்லையா?”

“நான் போட்டதில்ல.”

“அப்போ என் கண்ணு?” என்றார் அவர். குரல் உயரவில்லை. அதுதான் அவளைக் குத்தியது. “உன் ரோஷத்துக்கு என் கண்ணை விலையா வைப்பியா? சொல்லு, இப்படியே உக்காந்து சத்தத்தை எண்ணிட்டு இருக்கேன். பரவாயில்ல.”

அவள் வெந்நீர் வைத்து வாளியில் ஊற்றி, காலை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நீருக்குள் பாதங்கள் வேறு யாருடையதோ போலத் தெரிந்தன. குதிகால் வெடிப்புகள், பெருவிரல் பக்கம் உருண்டுபோன எலும்பு. இந்தக் கால்களுக்கு நாளைக்கு என்ன சொல்வது? நீங்கள் அசையவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றா? கண்ணும் வேண்டும்தான். அவருடைய கண். பஸ்ஸை நிறுத்திவிட்டு, கூட்டத்தில் அவள் நிற்பதைத் தேடிப் பிடித்துச் சிரித்த கண். இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொன்னவன் யார் என்றுதான் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபம் அவர் மேல் இல்லை.

வெகுநேரம் கழித்து அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். குனிந்து, வாளிக்குள் கைவிட்டு, அவள் குதிகாலைத் தடவிப் பார்த்தார். எழுத்தை வாசிப்பதுபோல விரல் மெதுவாக நகர்ந்தது.

“பஸ்ஸுல மீட்டர் சக்கரத்தோட சேர்த்து வச்சிருப்பான்” என்றார். “ஸ்டீயரிங்ல வைக்கமாட்டான். அந்த அளவுக்கு மூளை அவனுக்கு இருந்துச்சு.”

அதற்குமேல் அவர் போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. காலையில் அவள் கிளம்பும்போது, வழக்கம்போலக் கதவு வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

*

பழைய சோப்புப் பெட்டிகள் அடுக்கிவைத்திருந்த அறையைத்தான் நர்ஸுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு மேசை, எடைபார்க்கும் இயந்திரம், கணினித் திரையில் அடிக்கணக்கின் வரைபடம். நர்ஸ் சின்னப் பெண். வாரத்துக்குப் பதினோரு இடங்களுக்குப் போகிற களைப்பு அவள் கண்ணுக்குக் கீழே தெரிந்தது.

வண்டியக்கா வேலையின் நடுவில்தான் வந்தாள். ஏற்றிய வண்டியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஃபாரத்தைக் கையெழுத்தில்லாமல் மேசைமேல் வைத்தாள்.

“இதுல எழுதியிருக்கிறது நான் இல்லம்மா.”

நர்ஸ் திரையைப் பார்த்தாள். “மெஷின் பொய் சொல்லாதுங்க அக்கா.”

“பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல. அதுக்குத் தெரியல, அவ்வளவுதான். கை பிடிச்ச இடத்துலயே இருக்கு, கால்தான் போகுது. இங்க யாரை வேணாலும் கேளுங்க.”

நர்ஸ் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, எனக்குப் புரியுது. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் இருக்குன்னும் இதுல போட்டிருக்கு. ஒரு வழி இருக்கு. பின்பக்கம் ஒரு கட்டம் இருக்கு பாருங்க, ‘நடக்க இயலாதவர்’. முட்டிவலின்னு சொல்லி நான் டிக் பண்ணிடறேன். அபராதமும் கிடையாது, கூடுதல் பிடித்தமும் கிடையாது. அவர் இன்சூரன்ஸும் அப்படியே இருக்கும். நீங்க எதையும் ஒப்புக்க வேணாம்.”

நல்ல மனசோடுதான் சொன்னாள். அது தெரிந்தது. அதனாலேயே வண்டியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி, தோள் குலுங்கும்படியான சிரிப்பு. சோம்பேறி என்றார்கள், அதையாவது தாங்கிக்கொள்ளலாம். இப்போது கருணை வந்து காலையே எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது.

“ஏன் சிரிக்கிறீங்க?”

“நடக்க முடியாதவளை நாளைக்கு எதுக்கு வேலையில வச்சிருக்கணும்னு அவங்க கேட்டா?”

நர்ஸ் ஃபாரத்தைத் திருப்பி அந்தக் கட்டத்தை மறுபடி பார்த்தாள். அதை அவள் யோசித்திருக்கவில்லை.

“அதுகூட விடும்மா. வேலை போனா போகட்டும். ஆனா அவருக்குக் கண்ணு திறந்ததும் முதல்ல என்னைத்தான் பார்ப்பார். நடக்க முடியாதவள்னு எழுதிக் கொடுத்துட்டு நான் எதிர்ல நடந்து போய் நிக்கணுமா?” அவள் கடிகாரத்தைக் கழற்றி ஃபாரத்தின் மேல் வைத்தாள். கட்டியிருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. “எனக்கு ஆபரேஷனும் வேணும், என் நடையும் வேணும். ரெண்டும் எனக்குச் சேர வேண்டியதுதான். பிச்சை கேக்கல.”

துவைக்கும் கூடத்தில் மணி அடித்தது. ஒரு இயந்திரம் சுற்றி முடித்திருந்தது. நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து யாரோ “வண்டியக்கா!” என்று கூவினார்கள். அவள் அவசரப்படவில்லை. கதவை முழுசாகத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் தன் காலால் முட்டுக்கொடுத்து நின்றாள்.

“எழுந்து வாங்கம்மா” என்றாள். “ஒரே ஒரு வண்டி. இங்கிருந்து இஸ்திரி வரைக்கும் போய்த் திரும்புவோம். நீங்களே பிடிச்சுத் தள்ளுங்க, நான் பக்கத்துல வர்றேன். உங்க கையிலயும் இதே கடிகாரம்தானே கட்டியிருக்கீங்க? போய் வந்து அது என்ன சொல்லுதுன்னு பாருங்க. பார்த்துட்டு, அதை மட்டும் உங்க கையால எழுதிக் கொடுங்க. செய்வீங்களா?”

நர்ஸின் விரல்கள் தன் மணிக்கட்டின்மேல் போய் நின்றன. வெளியே வண்டியின் அடித்தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, வாசற்படியைத் தாண்டி, மேசையின் கால்களை நோக்கி மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.