மீதி ஒரு மணி நேரம்

பேத்தியை ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொள்ள ஏழாயிரத்து இருநூறு ஆகும் என்றார் பொத்தான் கடைக்காரர்.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பெருநகரத்து மொத்தச் சந்தைக்குப் போகிறவர். அங்கே ஒரு மணி நேரம் அலைந்தால் ஜிப்பிலும் லேஸிலும் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று கால்குலேட்டரில் தட்டி, அதை அப்படியே மனைவியின் மூக்குக்கு நேராகத் திருப்பினார்.

"பாத்துக்க. உன் ஆசையோட விலை."

மத்தியானம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கல்லாவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். நடுவில் ஒரு பொத்தான் அட்டையைத் திருப்பிப் போட்டுப் பயணத்துக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். திட்டம் என்று பேர்தான்; முக்கால் மணி நேரமாக நடந்தது சண்டை. வியாழன் காலை ஏழுக்கு ரயில் போய்ச் சேரும். வெள்ளி மாலை ஆறுக்குத் திரும்பும் ரயில். இடையில் இருந்த முப்பத்தைந்து மணி நேரத்தில் தூக்கத்துக்கு ஏழைத் தள்ளிவிட்டு, மீதி அத்தனையையும் ஜிப், லேஸ், நூல், ஊசி என்று அவர் ஏற்கனவே பங்கு பிரித்தாயிற்று.

"எனக்கு ஒரு நாள் முழுசா வேணும்" என்று ஆரம்பித்தாள்.

அவளுக்கு வேண்டியது இரண்டு மணி நேரம். ஆனால் இரண்டு வேண்டும் என்று இரண்டையே கேட்டால் அரைதான் தேறும். கடையின் நெற்றியில் 'ஒரே விலை' என்று போர்டு தொங்குகிறது. அதை எழுதிய பெயிண்டருக்கே கூலியைப் பேசிப் பேசிப் பாதியாக்கித்தான் கொடுத்தார்கள். இந்தக் குடும்பத்தில் முதலில் சொல்லும் எண் சும்மா தொண்டையைக் கனைத்துக்கொள்வது மாதிரி. அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"ஒரு நாளா? அந்த லிஃப்ட் மெக்கானிக் வீட்லயே குடித்தனம் பண்ணப் போறியா? அரை மணி."

"அரை மணியில குழந்த என் மூஞ்சியப் பாத்து அழுது முடிக்கவே சரியாப் போயிடும்."

"அழுற பிள்ளையப் பாக்க எதுக்கு ரயில் ஏறணும்? எதுத்த வீட்லயே ஒண்ணு அழுதுட்டுத்தான இருக்கு."

"சரி, பாதி நாள்."

"முக்கால் மணி. அதுவும் நான் உள்ள வரமாட்டேன். தெருவுல நிப்பேன்."

"நில்லுங்க. உங்களுக்கு யாரு அங்க கம்பளம் விரிச்சு வச்சிருக்கா?" அவள் பேனாவை மூடினாள். "நான் வரல. நீங்களே போய் சரக்கு எடுத்துட்டு வாங்க. போன தடவ தனியாப் போய் அள்ளிட்டு வந்தீங்களே, அந்த ஜிப்பு மேல ஏறுது, கீழ இறங்க மாட்டேங்குது."

அடி சரியான இடத்தில் விழுந்தது. மொத்தக் கடையில் விலை பேசுவது அவள். இவர் மூட்டை தூக்குவதோடு சரி. அவள் மூடிய பேனாவை எடுத்துத் திறந்தார்.

"ரெண்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

அட்டையில் எழுதினார்: 'லிஃப்ட் – 2'. மகள் என்ற சொல் மூன்று வருடமாக அவர் பேனாவிலும் வரவில்லை, வாயிலும் வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இதே மேஜைக்கு எதிரில் நின்றுதான் அந்தப் பெண் லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "அப்படின்னா இந்தப் படிய இனிமே மிதிக்காத" என்றார் அப்பா. அது முதல் விலை. அவள் அழுவாள், இவர் கத்துவார், நாலு நாளில் படிப்படியாக இறங்கி வருவார் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். பெண் அழவில்லை. கடையை விட்டு இறங்கினாள். விலை படியாத வாடிக்கையாளர்கள் இறங்குவார்களே, அப்படி: முதுகைக் காட்டிக்கொண்டு, கூப்பிடட்டும் என்று மெதுவாக. அந்த நடையைத் தாய்க்குத் தெரியாதா? ஆயிரம் பேரைக் கைதட்டித் திரும்பக் கூப்பிட்டவள் அவள். அன்று மட்டும் கை எழவில்லை.

பிறகு போனில் வந்தது ஒரே ஒரு படம், துணியில் சுற்றிய பெண் குழந்தை. கீழே ஒரு வரி இல்லை. அதுவும் வந்து ஏழு மாதமாகிவிட்டது.

இப்போது அந்த நம்பரை அழுத்தினாள். காதில் வைத்தால் கேட்காத போன். ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அவர் ஊசி டப்பாவை அடுக்குகிற சாக்கில் அங்கேயே நின்றார்.

"யாரு?"

"அம்மா."

"அது தெரியுது. என்ன?"

"வியாழக்கிழமை அங்க வரோம். உன் வீட்டுக்கு ஒரு ரெண்டு மணி நேரம் வரலாம்னு..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். படபடப்பில் நிஜமான எண்ணையே முதலில் சொல்லித் தொலைத்தாள். எதிர்ப்பக்கம் இருப்பதோ இந்த மேஜைக்குப் பின்னால் வளர்ந்தது.

"அரை மணி" என்றாள் மகள்.

"அரை மணியாடி?"

"ஜிப்பு வாங்க வர்ற வழியிலதான எட்டிப் பாக்குற? மிச்ச நேரத்துக்கு ஜிப்பு வாங்கு."

"வை போன!" என்றார் அவர். "பிச்சை கேக்குற மாதிரி கேட்டுட்டு நிக்கிறா."

அவள் போனைக் கையால் மறைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் சத்தமில்லை. ஆனால் திரையில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது, மகள் வைக்கவில்லை. அன்று போலவே, கூப்பிடட்டும் என்று மெதுவாக நடக்கிறாள்.

"ரெண்டு மணி" என்றாள் அம்மா.

"அன்னிக்கு டீக்கடை முக்கு வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன். நீ பாத்துட்டுத்தான இருந்த?"

"பாத்தேன்."

"பாத்துட்டு என்ன பண்ணின?"

"பொத்தான் எண்ணிட்டிருந்தேன்."

"எத்தன இருந்துச்சு?"

"நூத்தி நாப்பத்தி நாலு."

"அது ஞாபகம் இருக்கு." மகள் சிரித்தாள்; கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "ஒரு மணி. இதுதான் கடைசி. ஆறாவது மாடி, லிஃப்ட் ஓடல. படி ஏறி இறங்குற நேரம் உன்னோடது. அவர் மேல வரக்கூடாது."

"லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற வீட்ல லிஃப்ட் ஓடல!" என்று ஊசி டப்பாவிடம் சொன்னார் அவர். "நல்லா இருக்கு லட்சணம்."

"பொத்தான் கடைக்காரர் சட்டையில மேல் பொத்தான் இருக்காது. இப்பவாச்சும் தச்சாச்சான்னு கேளு" என்றது போன். வைத்துவிட்டாள்.

அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. பொத்தான் இல்லை. அந்தக் கையாலேயே அட்டையை இழுத்தார்.

"குடு இங்க. ஒரு மணிதான ஆச்சு? மீதி ஒரு மணி ஜிப்புக்கு."

அவள் அட்டையை விடவில்லை. 'லிஃப்ட்' என்பதைக் கிழிகிற மாதிரி அடித்துவிட்டு, 'மகள்' என்று எழுதினாள். அதன் கீழே கிடுகிடுவென்று எழுதிக்கொண்டே போனாள். அவர் தலைகீழாகப் படித்தார்.

"அம்பது நிமிஷமா? முக்கு வரைக்கும் நடக்கவா? அவ்வளவு நீளத் தெரு எந்த ஊர்ல இருக்கு?"

அவள் அடியில் கோடு போட்டுக் கூட்டினாள்.

மகள் வீட்டில்: 60 நிமிடம்.
ஆறு மாடி ஏறி இறங்க: 10.
அவள் வாசலிலிருந்து தெருமுக்கு வரை மெதுவாக நடக்க: 50.
ஆக, 2 மணி நேரம். திருப்பித் தர ஒன்றுமில்லை.